எங்கள் பனையேறியை ஏற்றிவிட்டவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

இறுதியாண்டு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் நாங்கள் நால்வர் எடுத்த இரண்டு நிமிட அனிமேஷன் குறும்படம் ஒருவழியாக முடிந்துவிட்டது. செம்மணல் தேரிக்காட்டில் ஒருவர் பனை ஏறுகிறார், பதநீர் இறக்குகிறார். கதை அவ்வளவுதான். ஆனால் கறுப்புச் சார்ட்டில் வெட்டிய பொம்மையைக் கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடிமேல் கிடத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக (ஃபிரேமாக) செல்போனில் எடுக்க வேண்டும். நொடிக்கு 12 படம் என்று வைத்தாலே 1,440 படம் ஆகிறது. சினிமாக் கணக்கில் 24 என்று போயிருந்தால் இந்த மடலை அடுத்த வருஷம்தான் எழுதியிருப்போம். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். சரி, பெயரில்லாமலே எழுதுகிறோம்.

முதல் நன்றி நாகர்கோவில் பக்கத்துப் பாவைக்கூத்து அண்ணாச்சிக்கு. தோல்பாவையின் மூட்டில் நூல் எப்படிக் கோப்பது என்று கேட்கத்தான் வந்தோம். துளையின் இருபுறமும் முடிச்சு விழ வேண்டும், இறுக்கவும் கூடாது என்று காட்டிக்கொடுத்தீர்கள். "கையை ஆட்டினா போதும், காலு தன்னால வரும்" என்றீர்களே, அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. உங்கள் பாவை திரைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிறது, கால் தொங்கி ஆடுகிறது. எங்கள் பொம்மையோ கண்ணாடிமேல் மல்லாந்து கிடக்கிறது, எதுவும் தானாக வராது. அதனால்தான் அன்றைக்கு அந்த ஒரு காலை மட்டும் திரும்பத் திரும்ப ஆட்டச் சொல்லி செல்போனில் எடுத்தோம். ஆட்டம் எத்தனை ஃபிரேமில் அடங்குகிறது என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் வீச்சைக் கொஞ்சம் குறைத்து நகர்த்திய பிறகுதான் பொம்மைக் காலுக்குக் கனம் வந்தது.

1926-லேயே ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் இப்படி வெட்டுருவங்களை வைத்து முழுநீளப் படமே எடுத்திருக்கிறார். அட்டையோடு மெல்லிய ஈயத் தகட்டையும் பயன்படுத்தியிருக்கிறார். எங்களுக்கு ஈயத்துக்கு எங்கே போவது? பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களை அள்ளிக் கொடுத்த லேப் அக்காவுக்கு நன்றி. அதில் கறுப்புச் சார்ட் ஒட்டி வெட்டினால் ஓரம் சுருளாமல் நிற்கிறது. அடுத்து செய்யப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பனையேறும் தாத்தா, உங்களைப் பார்க்காமல் முதலில் ஏணி ஏறுவதுபோல மாற்றி மாற்றிக் கால் வைத்துதான் வரைந்திருந்தோம். நீங்கள் கையால் மரத்தைக் கட்டிப் பிடித்து, காலில் மாட்டிய தளைநார் வளையத்தோடு இரண்டு காலையும் சேர்த்து இழுத்து ஏறினீர்கள். இழுத்ததும் ஒரு கணம் நிற்கிறீர்களே, அந்த நிறுத்தத்துக்கு நாலு ஃபிரேம் கொடுத்தோம். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது அந்த இடத்தைப் பற்றித்தான்.

மணல் காட்சிக்கு உடன்குடிப் பக்கத்திலிருந்து தேரி மணலைத் துணிப்பையில் பஸ்ஸில் தூக்கி வந்த தோழியின் தம்பிக்கு நன்றி. கீழிருந்து லைட் அடித்தால் அந்தச் சிவப்பு தெரியவே இல்லை. மெல்லிசாகத் தூவிய இடம் பழுப்பு, குவிந்த இடம் கறுப்பு. அதுவும் அழகாகத்தான் இருந்தது. மணலில் ஒரு படத்தைக் கலைத்துத்தான் அடுத்ததை வரைய முடியும். அதனால் ஃபேன் போடக் கூடாது. மே மாதத்தில் அதைப் பொறுத்துக்கொண்ட எங்கள் வீட்டு அம்மாக்களுக்கு என்ன சொல்ல!

அப்புறம், கல்யாண ஸ்டூடியோ அண்ணன். ஓடவிட்டுப் பார்த்தபோது படம் மினுக்மினுக்கென்றது. செல்போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறது, அதைப் பூட்டு, ஜன்னலை மூடு, வெள்ளைச் சட்டையோடு கண்ணாடிமேல் குனியாதே என்று மூன்றே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். எல்.இ.டி. விளக்கையும் இன்வெர்ட்டரையும் வாடகை வாங்காமல் தந்தீர்கள். முகூர்த்த நாளில் கேட்டும் தந்தீர்கள்.

மனிதர்களையே பொம்மை மாதிரி நகர்த்தி எடுத்த சோதனைக்கு மொட்டைமாடி வெயிலில் நின்ற ஜூனியர்களே, அந்தக் காட்சி படத்தில் இல்லை. மன்னிக்கவும். ஒளிப்பெட்டியைத் துறையின் லேபில் வைத்துவிட்டுப் போகிறோம், மூட்டு அளவுகள் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கின்றன. கண்ணாடியின் இடது மூலையில் லேசாக விரிசல் விட்டிருக்கிறது, அங்கே கையை ஊன்றாதீர்கள்.

அன்புடன்,
நால்வரும்