யாழினிக்கு: பாண்டிச்சேரி வரை ஒரு நாள், வாடகைக் காரில்

அன்பு யாழினிக்கு,

நீ எழுதி அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மாமல்லபுரம், முதலைப்பண்ணை, சதுரங்கப்பட்டினம், ஆலம்பரைக் கோட்டை, ஆரோவில், அரிக்கமேடு, பாண்டிச்சேரிக் கடற்கரை என்று ஏழு இடங்கள். ஒரே நாளில் இவ்வளவும் ஆகாது, கண்ணு. நேரம் போதாது என்பது ஒரு காரணம். வண்டி ஓட்டுபவரும் மனுஷர்தான் என்பது அதைவிடப் பெரிய காரணம். காலை 5 மணிக்கு உன் சித்தி வீட்டு வாசலில் அவர் நிற்க வேண்டுமென்றால் 4 மணிக்கே எழுந்திருப்பார். ஏழு இடமும் பார்த்துவிட்டு நீங்கள் திருவான்மியூர் திரும்பும்போது இரவு 11 மணி தாண்டிவிடும். பத்தொன்பது மணி நேரம் விழித்திருப்பவர் கையில் குழந்தைகளையும் சம்பந்தியம்மாவையும் ஒப்படைக்காதே. ஆகவே முதலைப்பண்ணை, ஆரோவில், அரிக்கமேடு மூன்றையும் அடித்துவிடு. அரிக்கமேட்டை ஏன் அடிக்கச் சொல்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வண்டி. நீங்கள் ஆறு பேர், ஆகவே இன்னோவா மாதிரி பெரிய வண்டிதான் சரி. நம்பர் பிளேட் மஞ்சளில் கறுப்பு எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் வண்டியைக் கொஞ்சம் குறைவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.

வாடகைக் கணக்கில்தான் நிறையப் பேருக்குச் சண்டை வருகிறது. வெளியூர் பயணம் என்றால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்ற நிபந்தனையும் இருக்கும். பெரும்பாலும் 250 கிலோமீட்டர் வைத்திருப்பார்கள். மேற்கொண்டு டிரைவர் பேட்டா, சுங்கக் கட்டணம், பார்க்கிங், பாண்டிச்சேரிக்குள் நுழையும் பெர்மிட். கிலோமீட்டர் எண்ணிக்கை உன் வாசலில் தொடங்காது. வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பும்போது தொடங்கி, திரும்ப ஷெட்டுக்குப் போனதும்தான் முடியும். திருவான்மியூரிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போய்வர ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கோட்டைகளுக்குத் திரும்பும் கிளைச்சாலைகளும் ஊருக்குள் சுற்றுவதும் ஒரு 20, ஷெட் தூரம் ஒரு 20. ஆக 340. கிலோமீட்டருக்கு 20 ரூபாய் பேசியிருந்தால் 6,800 ரூபாய், மற்றதெல்லாம் தனி. இந்தப் பெருக்கலை முதல் நாளே போட்டு அவரிடம் சொல்லிவிடு. 250 கிலோமீட்டருக்கு 5,000 ரூபாய்தானே என்ற எண்ணத்தில் இருந்துவிட்டு, இரவில் அலுப்போடு வாசலில் நின்று வாதாட வேண்டாம்.

பேட்டா ராத்திரி எத்தனை மணிக்கு மேல் கூடும், ஷெட் எங்கே இருக்கிறது, பெர்மிட் யார் கணக்கு, இந்த மூன்றையும் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள். வண்டியில் ஏறியதும் ஓடோமீட்டரைப் படம் எடு, இறங்கும்போதும் எடு. அதில் யாருக்கும் மனவருத்தம் வராது. நல்ல டிரைவர்கள் அவர்களே எடுக்கச் சொல்வார்கள்.

கிழமை முக்கியம். சனி, ஞாயிறு கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கமே போகாதே, ஞாயிறு சாயங்காலம் ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி பக்கம் வண்டிகள் ஊர்ந்துதான் வரும். திங்கள்கிழமை பாண்டிச்சேரி அருங்காட்சியகம் மூடியிருக்கும். காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் கால் வைக்க இடமிருக்காது. பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு வரும் ஒரு செவ்வாயோ புதனோ உங்களுக்குச் சரியாக இருக்கும். மழையும் விட்டிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

5 மணிக்குக் கிளம்பினால் 6.15-க்குக் கடற்கரைக் கோயில் வாசலில் இருக்கலாம். காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். ஊருக்குள் நுழையும்போது வண்டிக்குத் தனியாக ஒரு கட்டணம் வசூலிப்பார்கள், ரசீதை வாங்கி டிரைவரிடம் கொடுத்துவிடு. நினைவுச் சின்னங்களுக்கு இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் இருப்பது கனடா பாஸ்போர்ட் என்றாலும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தால் இந்தியக் கட்டணம்தான். அசல் அட்டையைக் கையில் வைத்திரு, செல்பேசியில் இருக்கும் படத்தைக் கவுண்டரில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. மாப்பிள்ளையின் நண்பர் மட்டும் 600 கொடுக்க வேண்டியிருக்கும். கடற்கரைக் கோயிலில் வாங்கிய டிக்கெட்டே ஐந்து ரதங்களுக்கும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதே.

எதை முதலில் பார்ப்பது என்பதை வெளிச்சம்தான் முடிவு செய்ய வேண்டும். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலின் பெரிய சன்னதி கிழக்கே பார்த்தது. கடலிலிருந்து எழும் வெயில் நேராக அதன்மேல் விழும். அர்ச்சுனன் தபசுப் பாறையும் கிழக்கு முகம்தான். காலை வெயில் சாய்வாக விழுகையில்தான் புடைப்புச் சிற்பம் ஆழமாகத் தெரியும், உச்சிவெயிலில் யானைகூட வரைந்த படம் போலத் தட்டையாகிவிடும். ஐந்து ரதங்களில் வரிசையாக நிற்கும் நான்கும் மேற்கே பார்த்தவை, ஆகவே அவற்றைக் கடைசியாக வைத்துக்கொள். காலையில் முகப்பு நிழலில் இருக்கும். பரவாயில்லை, அங்கே முகப்பைவிட முடிக்காமல் விட்ட பகுதிகள்தான் பார்க்க வேண்டியவை. பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்ததால், மேல்தளங்கள் முழுசாகவும் அடிப்பகுதி கரடுமுரடாகவும் நிற்கும். தர்மராஜ ரதத்தில் இதைக் குழந்தைகளுக்குக் காட்டு.

கடற்கரைக் கோயிலுக்கும் தபசுக்கும் நடுவில், வந்த வழியே 5 கிலோமீட்டர் வடக்கே திரும்பி சாளுவன்குப்பம் போய்விட்டு வாருங்கள். புலிக்குகையை எல்லாரும் பார்க்கிறார்கள். அதற்குச் சற்று வடக்கே இருக்கும் முருகன் கோயில் இடிபாட்டைப் பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 2004 சுனாமி மண்ணை அரித்துக்கொண்டு போனபோது ஒரு பாறையில் கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியபோது இந்தக் கோயில் கிடைத்தது. மேலே பல்லவர் காலக் கருங்கல் வேலை, அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டடம். அந்தச் செங்கல் பகுதியைச் சங்ககாலம் என்கிறார்கள். கோயில் வடக்கே பார்த்திருக்கிறது, முன்னால் கல்லில் செய்த வேல் ஒன்று நிற்கிறது. கடல் ஒரு முறை மூடியதை இன்னொரு முறை திறந்து காட்டியிருக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கு. சதுரங்கப்பட்டினத்தை விட்டாலும் இதை விடாதே.

அங்கிருந்து திரும்பி வரும்போது காலைச் சாப்பாடு. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி என்றாயே, அவர்கள் குன்றின் மேல் ஏற வேண்டியதில்லை. தபசு, கிருஷ்ண மண்டபம், வெண்ணெய் உருண்டைப் பாறை மூன்றும் சமதளத்திலிருந்தே தெரியும். நீயும் மாப்பிள்ளையும் மகிஷாசுரமர்த்தினி மண்டபம் வரை ஏறி இறங்க முக்கால் மணி போதும். கடலில் மட்டும் குழந்தைகளை இறக்காதே. கரையோரமே இழுப்பு கடுமையாக இருக்கும், வருஷா வருஷம் அங்கே உயிர் போகிறது.

சிற்பக் கடைகளைப் பற்றி டிரைவரிடம் காலையிலேயே, முகம் கோணாமல் சொல்லிவிடு: “அண்ணே, இன்னைக்குக் கடை எதுவும் வேண்டாம், நேரம் பத்தாது.” சில கடைகள் ஆள் கொண்டுவந்தால் டிரைவருக்குக் கமிஷன் தரும். முன்பே சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும்.

10.20-க்கு மாமல்லபுரத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். தெற்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டரில் கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் மெல்லிய துணி வாங்க வந்து கட்டிய செங்கல் கோட்டை. உள்ளே கிடங்குகளும் ஒரு கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. அந்தக் கல்லறைகளின் மேல் செதுக்கியிருக்கும் எழுத்துக்காகவே போகலாம். கல்லறைப் பகுதியைப் பூட்டி வைத்திருப்பார்கள், காவலரிடம் கேட்டால் திறந்து விடுவார். அவர் இல்லையென்றால் காத்திருக்காமல் கிளம்பிவிடு. பக்கத்தில் அணுமின் நிலையம் இருப்பதால் ட்ரோனை வெளியே எடுக்கக் கூடாது, மாப்பிள்ளையின் நண்பரிடம் கண்டிப்பாகச் சொல். அந்தப் பக்கமாகக் கேமராவைத் திருப்புவதும் வேண்டாம்.

அடுத்தது ஆலம்பரை. கடப்பாக்கத்தில் சாலையை விட்டு இடதுபுறம் திரும்பி உள்ளே போக வேண்டும். சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் மட்டும் ஓடும் டிரைவர்களில் பலர் இதற்குள் நுழைந்திருக்க மாட்டார்கள், ஆகவே முதல் நாளே மேப் இணைப்பை அனுப்பிவிடு. கடைசிக் கொஞ்ச தூரம் குறுகலான பாதை, எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். கோட்டை கழிமுகத்தின் கரையில் நிற்கிறது. ஆர்க்காட்டு நவாப் காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் கட்டடம். 1750-ல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்தது, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இங்கே நாணயச் சாலை இருந்தது, அங்கே அடித்த காசுக்கு ஆலம்பரை வராகன் என்றே பெயர். இடித்தது போக மிஞ்சியதைச் சுனாமியும் உலுக்கிவிட்டது. சுவர்மேல் ஏறாதே, குழந்தைகளையும் ஏற விடாதே. அடியில் செங்கல் பெயர்ந்து தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்த ஊர்கள் எல்லாம் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த நாட்டு நல்லூர்க்காரர். அதில் வரும் எயிற்பட்டினம், நீங்கள் அடுத்து கடக்கப்போகும் மரக்காணம்தான் என்கிறார்கள். பாணன் போன வழியில்தான் நீங்களும் போகிறீர்கள் என்று வண்டியில் சொல்லு. பள்ளிக்கூடத்தில் ஆற்றுப்படைக்குப் பொருள் எழுதத் திணறியவள் நீ.

ஆலம்பரையில் நிழல், கழிப்பறை, தண்ணீர் எதுவும் கிடையாது. நீங்கள் போய்ச்சேரும்போது மணி 12 ஆகியிருக்கும். ஆகவே அரை மணிக்கு மேல் வேண்டாம். மாமல்லபுரத்திலேயே எல்லாரும் கழிப்பறைக்குப் போய்விட வேண்டும், அதற்கப்புறம் சாலையோரப் பெட்ரோல் பங்க்தான். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், டிரைவருக்கும் சேர்த்து. சம்பந்தியம்மா வண்டியில் இருந்துகொள்ளட்டும். வண்டியை நிறுத்தி ஏசி ஓடினால் டீசல் செலவு டிரைவருடையது, ஆகவே முன்பே கேட்டுக்கொள்.

மரக்காணத்தில் உப்பளத்தைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மழை முடிந்து பாத்தி கட்டும் நேரமாக இருக்கும், வெள்ளை உப்புக் குவியலை எதிர்பார்க்காதே.

1.45-க்குப் பாண்டிச்சேரியில் சாப்பாடு. டிரைவரையும் அதே நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. உங்களோடு உட்காரக் கூச்சப்பட்டால் சாப்பாட்டுக் காசைக் கையில் கொடுத்துவிடு, அதைப் பேட்டாவில் கழிக்காதே. சாப்பிட்டதும் அவரை இரண்டு மணி நேரம் தூங்கச் சொல்லு. இது தர்மம் இல்லை, உங்கள் பாதுகாப்பு. நிழலில் வண்டியை விட்டு, சீட்டைச் சாய்த்துப் படுக்கட்டும். அந்த நேரத்தில் அவரைக் கூப்பிடாதே. பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வெள்ளை நகரத் தெருக்கள் நடந்து பார்க்க வேண்டியவைதான்.

ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டை ஏன் விடச் சொன்னேன் என்றால், அங்கே நிற்கும் செங்கல் தூண்களைப் பார்த்து ரோமானியர் கட்டியது என்று நினைத்துத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அவை பிரெஞ்சுப் பாதிரியார்கள் 18-ம் நூற்றாண்டில் எழுப்பியவை. 1945-ல் தொல்லியலாளர் வீலரும் அவருக்குப் பின்னால் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் மணிகளும் பாரதி பூங்கா அருகே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு மணி நேரத்தை அங்கே செலவிடு. அந்தத் துண்டுகளைப் பார்த்த பிறகு, இன்னொரு முறை ஒரு ராத்திரி தங்கி, அரிக்கமேட்டு ஆற்றங்கரைக்குப் போகலாம்.

பிறகு கடற்கரை. அங்கே மணலுக்குப் பதில் கறுப்புப் பாறைகள் கிடப்பதைக் கண்டு குழந்தைகள் கேட்பார்கள். வருஷத்தில் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்துவிட்டன. நகரத்துக் கரையைக் கடல் அரித்துவிட்டதால் கல் கொட்டினார்கள். இப்போது கடலுக்குள் போட்ட தடுப்பால் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். நேரமாகிவிட்டால் ஒரு குறுக்குத் தெருவின் பெயர் சொல்லி அங்கே வரச்சொல்லு.

ஆனால் நீங்கள் 5.30-க்கே கிளம்பிவிட வேண்டும். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறையாது, அதற்காகக் காத்திருக்கக் காரணமில்லை. இருட்டிய பிறகு இந்தச் சாலையில் மாடும் மிதிவண்டியும் விளக்கில்லாமல் குறுக்கே வரும், சாலை அகலப்படுத்தும் இடங்களில் திடீரென்று பாதை திரும்பும். மாப்பிள்ளையின் நண்பர் பாண்டிச்சேரியில் பாட்டில் எதுவும் வாங்கி வண்டியில் ஏற்ற வேண்டாம். எல்லையில் சோதனை உண்டு, பிடித்தால் வண்டியையே எடுத்துக்கொள்வார்கள். அவருக்கு அது ஒரு நாள் சங்கடம், டிரைவருக்குப் பிழைப்பு. கோவளம் வந்ததும் முன்னால் நெரிசல் தெரிந்தால் கேளம்பாக்கம் வழியாக ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) ஏறிவிடச் சொல்லு. 9 மணிக்குள் சித்தி வீட்டில் இருப்பீர்கள்.

முதல் நாள் சாயங்காலம் டிரைவருக்கு அனுப்ப வேண்டியதை அப்படியே கீழே எழுதுகிறேன். பதில் வந்ததும் வண்டி நம்பரை எனக்கும் சித்திக்கும் அனுப்பு.

“அண்ணே, நாளை காலை 5 மணி, திருவான்மியூர். 4 பெரியவர்கள், 2 குழந்தைகள். கடற்கரைக் கோயில், சாளுவன்குப்பம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை (மேப் அனுப்பியிருக்கிறேன்), பாண்டிச்சேரி. மாலை 5.30-க்குத் திரும்புகிறோம். ஷெட்டிலிருந்து ஷெட் வரை சுமார் 340 கி.மீ., கிலோமீட்டருக்கு நாம் பேசியது. பேட்டா, டோல், பார்க்கிங், பெர்மிட் தனி. மதியம் உங்களுக்கு 2 மணி நேரம் ஓய்வு. சரிதானா?”

அன்புடன்,
அம்மா