தராசு 52 என்கிறது, ரவிக்கை வேறு சொல்கிறது

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் எழுதித் தரும் உணவியல் ஆலோசகர்களுக்கு,

வணக்கம். என் அம்மா தையல்காரி. ஐந்தாவது வருடமாக வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். போன வருடம் மட்டும் தன் ரவிக்கைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தார். ஆனால் டயாலிசிஸ் முடிந்து இறங்கியதும் ஏறி நிற்கும் தராசு ஒவ்வொரு முறையும் 52 கிலோ என்றே காட்டியது. "வெயிட் அப்படியே இருக்கு, நல்லா இருக்காங்க" என்று எழுதிக்கொண்டார்கள். ஒருநாள் டெக்னீசியன் தம்பி ஒருவர் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். விரல் பதிந்த குழி எழும்பவே இல்லை. சதை கரைந்த இடத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. டிரை வெயிட்டை, அதாவது தேங்கிய தண்ணீரை எடுத்தபின் நிற்க வேண்டிய எடையை, படிப்படியாகக் குறைத்து 48-இல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான்கு கிலோ அம்மா காணாமல் போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை, தையல் மெஷினைத் தவிர.

அந்த மாதங்களில் வீட்டில் தினமும் சண்டை. ஒரு இட்லி வைத்தால் பாதி திரும்பி வரும். மீன் குழம்பு என்றால் உயிரை விடுகிறவர், "இரும்பை நக்குன மாதிரி இருக்குடா" என்று தட்டைத் தள்ளினார். "எவ்வளவு கொழுப்பு இருந்தா இப்படி அடம் பிடிப்ப?" என்று நானே கத்தியிருக்கிறேன். உங்களில் ஒருவரும், இதைவிட மரியாதையான சொற்களில், இதையேதான் சொன்னார்: "அவங்க கோஆபரேட் பண்ண மாட்டேங்கிறாங்க."

பிறகு உட்கார்ந்து படித்தபோது தெரிந்தது, நான் வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டியதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது. கொழுப்புத்தான். உடம்புக் கொழுப்பு வெறும் சேமிப்பு மூட்டை இல்லை, அது ஹார்மோன் சுரக்கிறது. அதில் ஒன்று லெப்டின். 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. "போதும், வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. ரத்தத்திலிருந்து அதை வெளியேற்றுவதில் பெரும்பங்கு சிறுநீரகத்துக்கு. சிறுநீரகம் நின்றுபோனால் லெப்டின் ரத்தத்திலேயே தேங்குகிறது.

சரி, மெஷின்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறதே என்று கேட்கலாம். மெஷின் வெளியேற்றும் கழிவுகளில் யூரியா மூலக்கூறின் எடை 60 டால்டன் (மூலக்கூறை எடைபோடும் அலகு), கிரியேட்டினின் 113. லெப்டினோ சுமார் 16,000. டயலைசர் என்பது மெஷினில் ரத்தத்தை வடிகட்டும் குழல்; சாதாரண லோ ஃப்ளக்ஸ் (சிறு துளை) டயலைசரின் துளையில் அது நுழையாது. துளை பெரிதான ஹை ஃப்ளக்ஸ் டயலைசரோ, நிறைய நீரையும் சேர்த்து இழுத்து வடிக்கும் ஹீமோடயாஃபில்ட்ரேஷனோ ஓரளவு குறைக்கும். ஆக, ரிப்போர்ட்டில் யூரியா இறங்கியிருக்கும், அம்மாவின் மூளைக்குள் மட்டும் "போதும், போதும்" என்ற குரல் ஓயாது.

லெப்டின் ஒன்றுதான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. 2005-இல் வந்த எலி ஆய்வில், லெப்டினின் சேதியை வாங்கும் ஏற்பி இல்லாத எலிகள் சிறுநீரகம் கெட்டும் அந்த அளவுக்கு மெலியவில்லை. ஆனால் மனிதரில் கதை அவ்வளவு நேராக இல்லை. அழற்சி, ரத்தத்தில் கூடும் அமிலம், வாய்க் கசப்பு, பத்துப் பன்னிரண்டு மாத்திரை, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்துதான் பசியைத் தின்கின்றன. நான் சொல்வது இவ்வளவுதான்: இது அடம் இல்லை.

கொழுப்பு சுரக்கும் இன்னொன்று அடிபோனெக்டின். இது ரத்தக்குழாய்க்கு நல்லது என்று பெயர் வாங்கியது. இத்தாலியின் ரெஜியோ கலாப்ரியாவில் சொக்காலி குழு 227 டயாலிசிஸ் நோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் எழுதியது: அவர்கள் ரத்தத்தில் அது மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு இருந்தது, அவர்களுக்குள்ளேயே அது குறைவாக இருந்தவர்களுக்கு இதயக் கோளாறு அதிகம். பின்னால் வந்த சில ஆய்வுகளோ அது கூடியவர்களே அதிகம் இறந்ததாகச் சொல்லின. உடம்பு மெலிய மெலிய அடிபோனெக்டின் ஏறும் என்பதால், அது காவலா, கரைந்துகொண்டிருப்பதன் அடையாளமா என்று பிரித்தறிவது கடினம். டயாலிசிஸில் கொஞ்சம் பூசினாற்போல இருப்பவர்கள் ஒல்லியானவர்களைவிட அதிக நாள் வாழ்வது பல நாடுகளில் பார்க்கப்பட்டது. அதற்காகத் தொப்பை நல்லது என்றில்லை, வயிற்றுக் கொழுப்பு இவர்களுக்கும் கெடுதல்தான். ஆனால் "மெலிஞ்சா நல்லதுதானே" என்று எங்களிடம் இனிமேல் சொல்லாதீர்கள்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதம் டயாலிசிஸ் தொடங்கும் முன் தந்தது. பருப்பைக் குறை, முட்டை வேண்டாம், மீன் எப்போதாவது. அப்போது உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.6 கிராம் புரதம் என்பது சரி. டயாலிசிஸ் தொடங்கிய பின் தேவை 1.0 முதல் 1.2 கிராம். அம்மாவின் எடைக்கு 29 கிராம் எங்கே, 48 முதல் 58 கிராம் எங்கே! போதாததற்கு ஒவ்வொரு முறையும் டயலைசர் வழியாக 6 முதல் 12 கிராம் அமினோ அமிலம் போகிறது. பழைய காகிதத்தைக் கிழித்துப் போடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் நான்கு வருடம் பயபக்தியோடு பட்டினி போட்டிருக்கிறோம்.

முதல் டயாலிசிஸ் நாளிலேயே பழைய பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுங்கள். வேண்டாததைவிட வேண்டியதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். முட்டை வெள்ளைக்கரு எத்தனை, மீன் எத்தனை துண்டு என்று எழுதுங்கள். பொட்டாசியம், பாஸ்பரஸ் கேட்பதுபோல "இந்த வாரம் பசி எப்படி?" என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், மாதம் ஒருமுறை ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையில் மேல்கைச் சுற்றளவை அளந்துவிடுங்கள். டேப் இல்லையென்றால் சொல்லுங்கள், அம்மாவின் தையல் டப்பாவில் மூன்று கிடக்கின்றன.

இப்படிக்கு,
செவ்வாயும் வெள்ளியும் உங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு மகன்