மேக்கினா தீவில் வசந்தம் ஏப்ரலில் வருவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சித்திரை, வைகாசியில் விமானம் ஏறும் பெற்றோர் நம்மிடையே ஏராளம். மிச்சிகன், சிகாகோ பக்கம் போகிறவர்களை அழைத்துப் போகும் இடங்களில் மேக்கினா தீவும் அங்குள்ள கிராண்ட் ஹோட்டலும் உண்டு. ‘வசந்தத்தில் பூத்துக் குலுங்கும் தோட்டம்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்த வாரம் என்று சொல்வதில்லை. அந்த ஒரு தகவல் இல்லாததால், அவ்வளவு தூரம் போய் வெறும் மண்ணையும் பழுப்புப் புல்லையும் பார்த்துத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஏப்ரலில் போனால் விடுதியே திறந்திருக்காது. மே தொடக்கத்தில் திறந்து அக்டோபர் இறுதியில் மூடுவது அதன் வழக்கம். இந்த ஆண்டு போக நினைக்கும் வாசகர்களுக்காக இந்தக் கடிதம்.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் ‘மேக்கினாக்’ என்று அச்சிடுகிறோம். உள்ளூரில் எல்லாரும் சொல்வது ‘மேக்கினா’. கடைசி எழுத்து ஒலிக்காது. பெரிய ஆமை என்று பொருள்படும், அப்பகுதிப் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் சொல்லிலிருந்து வந்தது. தண்ணீரிலிருந்து பார்க்கும்போது தீவின் முதுகு ஆமையைப் போலவே தெரியும். படகு புறப்படும் கரையிலுள்ள ஊரும் மேக்கினா சிட்டிதான். ஆனால் ஆங்கிலத்தில் அதற்குக் கடைசி எழுத்து வேறு. கைபேசி வரைபடத்தில் தேடும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

தீவு இருப்பது ஹியூரான் ஏரியில், மிச்சிகன் ஏரியோடு அது சேரும் நீரிணையில். அட்சரேகை ஏறக்குறைய 46. ஸ்ரீநகர் துலிப் தோட்டம் மார்ச் கடைசியில் பூக்கத் தொடங்கும். இங்கே அதே துலிப் மே கடைசி வாரத்தில்தான் விரிகிறது. வடக்கே இருப்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. குளிர்காலத்தில் இங்கே உறைந்து கிடந்த ஏரி, பனிக்கட்டி உருகிய பிறகும் மே மாதம் பெரும்பாலும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே இருக்கும். அதன் மேல் தவழ்ந்து வரும் காற்று தீவைச் சுற்றிலும் குளிர்விக்கிறது. டெட்ராய்ட்டில் பூத்து உதிர்ந்த செடி இங்கே அப்போதுதான் மொட்டு விடும். இலையுதிர் காலத்தில் இது தலைகீழாகும்: கோடை வெயிலைச் சேர்த்து வைத்த ஏரி, உறைபனியைச் சில வாரம் தள்ளிப்போடும்.

இந்தக் குளிர்ச்சியால் ஒரு பெரிய நன்மையும் உண்டு. 25 டிகிரி வெயிலில் துலிப் ஒரு வாரத்துக்குள் இதழ் விரிந்து கொட்டிவிடும். 10, 15 டிகிரியில் அதே பூ இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும். அதனால்தான் கிராண்ட் ஹோட்டல் தோட்டம் நீண்ட நாள் பூவோடு இருக்கிறது.

பூக்கும் வரிசையைத் தெரிந்துகொண்டால் தேதியை முடிவு செய்வது எளிது. எக்காள வடிவ மஞ்சள் பூவான டாஃபடில் மே நடுவில். துலிப் மே கடைசி பத்து நாளிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. கொத்துக்கொத்தாக மணமுள்ள பூ விடும் புதர்ச் செடியான லைலாக் ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டி. ஜெரேனியம் கோடை முழுதும். குளிர்காலம் நீண்டால் எல்லாமே ஒரு வாரம் பின்னுக்குப் போகும், முன்னதாகவே கரைந்தால் ஒரு வாரம் முன்னுக்கு வரும். ஆகவே பூவுக்காக மட்டும் போகிறவர்கள் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் முன்பதிவு செய்வது நல்லது. ஒரே பயணத்தில் துலிப்பும் லைலாக்கும் வேண்டுமென்றால் ஜூன் முதல் வாரக் கடைசிதான் வழி. அப்போது துலிப் முடிகிற நிலையிலும் லைலாக் தொடங்குகிற நிலையிலும் இருக்கும்; இரண்டுமே முழு அழகில் கிடைக்காது. தோட்டம்தான் முக்கியம் என்பவர்கள் மே 20க்குப் பிறகு வரும் வார நாட்களில் போகலாம். மே மாதக் கடைசித் திங்கள் அமெரிக்காவில் பொது விடுமுறை. அதையொட்டிய சனி, ஞாயிறில் படகுத்துறையிலேயே நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.

இனி விடுதி. இரண்டு ரயில் நிறுவனங்களும் ஒரு நீராவிக் கப்பல் நிறுவனமும் சேர்ந்து கட்டியது. 1887 ஜூலை 10 அன்று திறந்தார்கள். கட்டடம் முழுக்க மிச்சிகன் வெள்ளைப் பைன் மரம். ஏறத்தாழ நானூறு அறைகள் இருந்தாலும் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. பார்க்க வேண்டியது அதன் முன் வராந்தா. 660 அடி நீளம், உயர்ந்த வெள்ளைத் தூண்கள், வரிசையாக ஆடும் நாற்காலிகள். நம் ஊர்த் திண்ணையைப் போல, வந்தவர் உட்கார்ந்து தெருவை, அதாவது இங்கே ஏரியை, பார்ப்பதற்காகவே அமைத்தது. 1957இல் திறந்த ஐந்து மைல் நீள மேக்கினா பாலமும் அங்கிருந்து தெரியும்.

அந்த வராந்தாக் கைப்பிடி நெடுக வைத்திருக்கும் சிவப்பு ஜெரேனியம்தான் விடுதியின் அடையாளம். சுமார் 260 மரத்தொட்டிகளில் ஏறக்குறைய 2,500 செடிகள். தொட்டிகளை நிரப்பவே ஏழு டன் மண் கலவை போகிறது. உண்மையில் இது பெலர்கோனியம், தென்னாப்பிரிக்காச் செடி. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சன்னலோரத் தொட்டிகளில் நிற்பதும் அதே குடும்பம்தான். அதன் வாசனை இனத்திலிருந்து நீலகிரியில் எண்ணெய் எடுப்பதும் உண்டு. உறைபனி ஒரு இரவு பட்டால் போதும், கருகிவிடும். வாடிய பூங்கொத்தைக் காம்போடு அடியில் ஒடித்து எடுக்காவிட்டால் விதை பிடித்துப் பூ குறையும். அத்தனை தொட்டிகளிலும் இதைக் கோடை முழுதும் கையால்தான் செய்ய வேண்டும். வராந்தாவில் உட்காரும்போது இந்த உழைப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வசந்தத்தில் கண்ணைப் பறிக்கும் பாத்திகளுக்கான வேலை முந்தைய இலையுதிர் காலத்திலேயே நடந்து முடிந்தது. ஒரு டன் கிழங்குகளை நடுகிறார்கள். அதில் துலிப் 25,000, டாஃபடில் 15,000. மண் இறுகி உறைவதற்கு முன், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில், கூர்முனை மேலே பார்க்க நடுவது முறை. ஆழம் குறைந்தால் அணில் தோண்டித் தின்றுவிடும். உறைந்து உருகும் மண் கிழங்கை மேலே தள்ளவும் செய்யும். டாஃபடில் கிழங்கு நஞ்சு என்பதால் அதை எந்தப் பிராணியும் தொடாது. பூ முடிந்ததும் பாத்தியில் கோடைச் செடிகள் ஏறிவிடும். ஜூன் நடுவில் துலிப் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். விடுதியின் பாத்திகளுக்கு ஓர் ஆண்டுக்கு 1,25,000க்கு மேல் நாற்றுகள் தேவைப்படுகின்றன. வராந்தாவுக்குக் கீழே சரிவில் நீரூற்றோடு இருக்கும் தேநீர்த் தோட்டத்தையும், குதிரைவண்டி உருவத்தில் வெட்டி வளர்த்த செடிகளையும் அவசரமில்லாமல் பார்க்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

லைலாக் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், தீவின் உயிரே அதுதான். அந்தப் பெயர் பாரசீகத்தின் ‘நீலக்’ வழியாக வந்தது. வேர் நமக்குத் தெரிந்த ‘நீலம்’தான். தீவின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறை. அமில மண்ணில் சிரமப்படும் லைலாக்குக்கு இந்தச் சுண்ணாம்பு மண் மிகவும் ஒத்துப்போகிறது. அதனால் மரம் என்று சொல்லும் அளவுக்குத் தண்டு பருத்து நிற்கும் பழைய செடிகளை இங்கே காணலாம். விடுதி வளாகத்தில் மட்டும் தேடாமல், தீவிலுள்ள மேக்கினா கோட்டைக்குக் கீழே உள்ள மார்க்வெட் பூங்காவுக்கும் போய்ப் பாருங்கள். 1940களின் இறுதியில் தொடங்கிய லைலாக் விழா இன்றும் ஜூனில் நடக்கிறது. கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் விழாவின் நடுவில் வரும் வார நாட்களைப் பிடிக்கலாம்.

லைலாக்கைக் கத்தரிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பூ முடிந்த கையோடு கத்தரிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான மொட்டு அந்தக் கோடையிலேயே உருவாகிவிடுவதால், ஆவணி, புரட்டாசியில் வெட்டினால் மறு ஆண்டு பூவையே வெட்டியதாகிவிடும். பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுத்து, மூன்று ஆண்டில் செடியைப் புதுப்பிப்பது தோட்டக்காரர்களின் வழக்கம். கோடை முடிவில் இலையில் வெள்ளைப் பொடி படிந்திருப்பதைப் பார்த்துச் செடி சாகிறது என்று பயப்பட வேண்டாம். அது சாம்பல் நோய். பார்க்க அழகில்லையே தவிர உயிருக்கு ஆபத்தில்லை.

லைலாக் கன்றையோ துலிப் கிழங்கையோ பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவரும் ஆசை பலருக்கு வருகிறது. தயவுசெய்து வேண்டாம். இறக்குமதி அனுமதியும், நோயற்றது என்ற தாவரச் சான்றிதழும் இல்லாமல் செடி, கிழங்கு எதையும் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் பறிமுதல் ஆகும். முறைப்படி கொண்டுவந்தாலும் சென்னையிலோ மதுரையிலோ லைலாக் பூக்காது, அதற்கு நீண்ட கடுங்குளிர் வேண்டும். துலிப் கிழங்குக்கும் 12 முதல் 16 வாரம் குளிர் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறவர்கள் அதே பெட்டியில் ஆப்பிளை வைத்துவிடுகிறார்கள். ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூமொட்டைக் கொன்றுவிடும். பிறகு இலை மட்டும்தான் வரும். டெல்லித் தெருக்களில் பிப்ரவரியில் பூக்கும் துலிப்புகளும் பெரும்பாலும் நெதர்லாந்திலிருந்து வரவழைத்த கிழங்குகள்தான்.

போகும் வழிக்கு வருகிறேன். டெட்ராய்ட்டிலிருந்து மேக்கினா சிட்டிக்குக் காரில் நாலரை மணி நேரம் ஆகும். அங்கிருந்தோ, பாலத்துக்கு அப்பால் செயின்ட் இக்னேஸிலிருந்தோ படகு. கடப்பதற்கு இருபது நிமிடம். காரைக் கரையிலேயே விட வேண்டும், நிறுத்தும் கட்டணம் தனி. 1898 முதல் தீவில் மோட்டார் வண்டிக்குத் தடை; ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. மற்றபடி குதிரை, சைக்கிள், அல்லது நடந்தே போவது. மின்சார சைக்கிளை உடல் குறை உள்ளவர்கள் தவிர மற்றவர்கள் கொண்டுபோகக் கூடாது. தங்குகிறவர்கள் படகுத்துறையிலேயே பெட்டியில் விடுதிப் பெயரட்டையைக் கட்டிவிட்டால் அது அறைக்கு வந்து சேரும். மருந்து, கண்ணாடி, கம்பளி மட்டும் கையில் இருக்கட்டும்.

துறையிலிருந்து விடுதிக்கு நடந்தால் இருபது நிமிடம், கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்கள் குதிரை டாக்சி எடுப்பது நல்லது. ஆனால் வண்டியில் ஏறும் படி உயரம் என்பதால் ஒருவர் கைபிடித்து ஏற்றிவிட வேண்டும். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே விடுதியோடு பேசிவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இழுப்பானை மறக்கக் கூடாது: கோடையில் தீவில் நூற்றுக்கணக்கான குதிரைகள், காய்ந்த நாளில் சாணத் தூசி பறக்கும், அதோடு லைலாக்கின் கனத்த மணமும் சேரும். அந்தச் சாணம் வீணாவதில்லை. சமையலறைக் கழிவோடு சேர்த்து எருவாக்குகிறார்கள்.

விடுதியில் தங்காதவர்களும் உள்ளே போகலாம், நுழைவுக் கட்டணம் உண்டு. ஒரு பகல் போதும் என்பவர்களுக்கு இதுவே சிக்கனம். தங்குவதானால், அறை வாடகையில் எந்த வேளைச் சாப்பாடு சேர்ந்திருக்கிறது என்று பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது. காய்கறி சூப்பைக்கூடக் கோழிச் சாறில் காய்ச்சுவது அந்த நாட்டுச் சமையலில் சகஜம். முட்டையும் சாப்பிடாதவர்கள் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். மாலை 6.30க்கு மேல் உடை விதி உண்டு: ஆண்களுக்குக் கோட்டு கட்டாயம், பெண்களுக்கு முறையான உடை. பட்டுப்புடவை கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மே மாத இரவில் 5 டிகிரிக்கு இறங்கும். புடவைக்கு மேல் கம்பளிச் சால்வையும் காலுக்கு உறையும் இல்லாமல் வராந்தாவில் பத்து நிமிடம்கூட உட்கார முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 1875இல் அமெரிக்காவின் இரண்டாவது தேசியப் பூங்காவாகவும், 1895 முதல் மிச்சிகனின் முதல் மாநிலப் பூங்காவாகவும் காக்கப்பட்டு வரும் காடு தீவின் பெரும்பகுதியை மூடியிருக்கிறது. மே நடுவிலிருந்து அங்கே வெள்ளை டிரில்லியம் தரையெங்கும் பூக்கும். மூன்று இதழ், மூன்று இலை. விதையிலிருந்து முதல் பூ வர ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். பூவைப் பறிக்கும்போது இலையும் கூடவே வந்துவிடுவதால் கிழங்குக்கு உணவு கிடைக்காமல் செடியே அழியலாம். தலையில் சூடவோ படம் எடுக்கவோ ஒரு பூவைக்கூடப் பறிக்காதீர்கள் என்று வயதில் மூத்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி அழைத்துப் போக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆன் ஆர்பர், மிச்சிகன்