ஸ்னோடன்: ‘முதலில் வழக்கைச் சந்திக்கட்டும்’ என்பது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை 2013இல் அம்பலப்படுத்திவிட்டு ரஷ்யாவில் தங்கியிருக்கும் எட்வர்ட் ஸ்னோடனுக்கு மன்னிப்பு வழங்கலாமா என்று சென்ற இதழில் வந்த கட்டுரை, ‘முதலில் அமெரிக்கா திரும்பி வழக்கைச் சந்திக்கட்டும், மன்னிப்பைப் பிறகு பேசலாம்’ என்று முடிகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கு எப்படி நடக்கும் என்பதைக் கட்டுரையாளர் பார்க்கவே இல்லை.

முதலில் ஒரு திருத்தம். கருணை மனு என்றதும் நமக்கு அரசியல் சாசனத்தின் 72, 161ஆம் பிரிவுகள் நினைவுக்கு வரும். அவை தண்டிக்கப்பட்டவரைப் பற்றியே பேசுகின்றன. அமெரிக்காவில் அப்படியில்லை. குற்றம் நடந்து முடிந்துவிட்டால் போதும். வழக்குக்கு முன்போ, நடுவிலோ, தீர்ப்புக்குப் பின்போ அதிபர் மன்னிக்கலாம் என்று 1867இல் கார்லண்ட் வழக்கிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1974 செப்டம்பர் 8 அன்று முன்னாள் அதிபர் நிக்சனை அதிபர் ஃபோர்டு மன்னித்தபோது நிக்சன்மீது குற்றப்பத்திரிகையே கிடையாது. வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவச் சேர்ப்புக்குத் தப்பிக் கனடா போனவர்களையும் சேர்த்து 1977இல் அதிபர் கார்ட்டர் மன்னித்தார். வந்து கூண்டில் ஏறிவிட்டுப் போ என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. தண்டனை முடிந்து 5 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி, மனுக்களைப் பரிசீலிக்கும் நீதித் துறை அலுவலகத்துக்கு உரியது, அதிபரைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றத்தின் முன் வராதவரைத் தன்னால் மன்னிக்க முடியாது என்று 2016 நவம்பரில் ஒபாமா ஜெர்மன் ஊடகங்களிடம் சொன்னார். முடியாது என்பதைவிட மனமில்லை என்பதே சரி.

இனி, வழக்கு. 2013 ஜூனில் பதிவான குற்றச்சாட்டுகள் மூன்று: அரசு உடைமைத் திருட்டு, நாட்டுப் பாதுகாப்புத் தகவலை அனுமதியின்றித் தந்தது, தகவல்தொடர்பு உளவு பற்றிய ரகசியத்தை வேண்டுமென்றே தந்தது. ஒவ்வொன்றுக்கும் 10 ஆண்டுவரை சிறை. பின்னிரண்டும் உளவுச் சட்டத்தின் கீழ் வருபவை; அந்தச் சட்டம் 1917இல் முதல் உலகப் போரின் நடுவே பிறந்தது. இந்தப் பிரிவுகளின்படி, தகவலைப் பெற்றவருக்கு அதைப் பெறும் அதிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி; அவர் செய்தியாளரா, ஒற்றரா என்பதல்ல. ஏன் தந்தார் என்பதற்கும் இடமில்லை. பொதுநலனுக்காகச் செய்தேன் என்பது அங்கே எதிர்வாதமாகவே ஏற்கப்படுவதில்லை. வியட்நாம் போர் பற்றிய ‘பென்டகன் ஆவணங்கள்’ என்ற அரசு ரகசிய ஆய்வை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க்கிடம், ஏன் நகலெடுத்தீர்கள் என்று அவருடைய வழக்கறிஞரே கேட்டபோது, பதில் சொல்ல நீதிபதி விடவில்லை. 1973 மே மாதம் அவர் தப்பியது நியாயத்தை எடுத்துச் சொல்லி அல்ல. நிக்சனின் ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்துப் புகுந்தது உள்ளிட்ட அரசின் முறைகேடுகளால் வழக்கு தள்ளுபடியானது.

ஸ்னோடன் முதலில் வெளிப்படுத்தியது, கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை அரசு மொத்தமாக அள்ளியது. அதற்குச் சட்டத்தில் அனுமதியே இல்லை என்று 2015 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அந்த முறைக்கு முடிவுகட்டும் சட்டத்தை நிறைவேற்றியது. 2020 செப்டம்பரில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சட்டவிரோதம் என்றது. ஸ்னோடன் நாளைக்கே திரும்பி வந்தாலும் இந்தத் தீர்ப்புகளைத் தன் செயலுக்கு நியாயமாக ஜூரியின் முன் அவரால் வைக்க முடியாது. அவற்றை முழுமையாக எடைபோடச் சட்டத்தில் மிச்சமிருக்கும் இடம் அதிபரின் மேசை மட்டுமே. விசாரணைக்குப் பிறகு மன்னிப்பு என்ற வரிசை இங்கே பொருளற்றுப்போவது இதனால்தான்.

மறுபக்கமும் உண்டு. அவர் எடுத்துச் சென்றதில் பெரும்பகுதிக்கும் அமெரிக்கக் குடிமக்களின் அந்தரங்கத்துக்கும் தொடர்பில்லை. ஹாங்காங்கிலும் சீனாவிலும் உள்ள கணினிகளுக்குள் அமெரிக்கா ஊடுருவியதை அங்குள்ள நாளிதழ் ஒன்றிடமே அவர் சொன்னதற்கு மேலே சொன்ன வாதம் உதவாது. எனவே ‘தியாகியா, துரோகியா’ என்ற பட்டிமன்றத்தை ஓரம்கட்டிவிட்டு, எதற்கு மன்னிப்பு, என்ன நிபந்தனையோடு என்று கேட்பதே பயன் தரும். நிபந்தனை விதிக்க அதிபருக்கு உரிமை உண்டு என்பதை 1974இல் ஷிக் வழக்கு உறுதிசெய்தது. வரம்பை மிகக் குறுக்கினால் மட்டும் சிக்கல்: தொலைபேசி விவகாரத்துக்கு மட்டும் மன்னிப்பு என்று எழுதினால், மற்ற ஆவணங்களைக் காட்டி அதே பிரிவுகளில் வழக்கைத் தொடரலாம். ஆகவே மூன்று குற்றச்சாட்டுகளையும் உள்ளடக்கிய, நிபந்தனையோடு கூடிய மன்னிப்பே பொருத்தம் என்பது என் கருத்து.

முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. சோவியத் விமானந்தாங்கிக் கப்பலின் செயற்கைக்கோள் படங்களை ஒரு பாதுகாப்பு இதழுக்குக் கொடுத்துத் தண்டனை பெற்ற சாமுவேல் மோரிசனை 2001இல் பதவியின் கடைசி நாளில் கிளிண்டன் மன்னித்தார். 2017 ஜனவரி 17 இன்னும் விசித்திரம். ராணுவ ரகசியங்களை விக்கிலீக்ஸ் தளத்துக்குத் தந்து 35 ஆண்டு தண்டனை பெற்றிருந்த சாதாரணச் சிப்பாய் செல்சி மேனிங்குக்கு அன்று ஒபாமாவிடம் கிடைத்தது தண்டனைக் குறைப்பு மட்டுமே. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது. ரகசியக் கசிவு விசாரணையில் எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்ட ஜெனரல் ஜேம்ஸ் கார்ட்ரைட்டுக்கோ, அதே நாளில், தண்டனை விதிக்கப்படும் முன்பே முழு மன்னிப்பு.

மன்னிப்பை ஏற்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறது கட்டுரை. 1915ஆம் ஆண்டு பர்டிக் தீர்ப்பில் அப்படியொரு வரி உண்டுதான். அந்த பர்டிக் ஒரு பத்திரிகை ஆசிரியர் என்பது உங்களுக்குச் சுவையாக இருக்கலாம்: சுங்க மோசடிச் செய்தியைத் தந்தவர் யார் என்று சொன்னால் தானே குற்றத்தில் சிக்கக்கூடும் என்று சொல்லி மறுத்தவர், அவர் வாயைத் திறக்க வைக்க அதிபர் வில்சன் நீட்டிய மன்னிப்பையும் வாங்க மறுத்தார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. ஆனால் மன்னிப்பை ஏற்பது சட்டப்படி குற்ற ஒப்புதல் ஆகாது என்று 2021இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கட்டுரை தொடாத இன்னொன்று பணம். உளவு அமைப்புகளுடன் செய்த ரகசியக் காப்பு ஒப்பந்தப்படி முன்அனுமதி பெறாமல் புத்தகம் வெளியிட்டதற்காக அரசு தொடுத்த உரிமையியல் வழக்கில், 50 லட்சம் டாலருக்கு மேல் ஸ்னோடன் தர வேண்டும் என்று 2020இல் தீர்ப்பானது. குற்ற வழக்கில் மன்னிப்பு கிடைத்தாலும் அந்தக் கணக்கு தீராது.

இப்படிக்கு,
சட்டம் பயின்ற வாசகர், மதுரை