பொதுப்பணித் துறைப் பொறியாளர்களுக்கு: முதலில் நிழல், அப்புறம் சோலார்

பொதுப்பணித் துறைப் பொறியாளர்களுக்கும் துறையின் கட்டடக் கலைஞர்களுக்கும் வணக்கம்.

நான் கட்டடத் தொழிலில் இருப்பவன் இல்லை. நீங்கள் கட்டுகிற நூலகத்தில் படிப்பவன், நீங்கள் கட்டுகிற அலுவலகத்தில் மனு கொடுக்க வரிசையில் நிற்பவன், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தாயிற்று, கோயம்புத்தூருக்கும் திருச்சிக்கும் அடுத்த பெரிய நூலகங்கள் அறிவிக்கப்பட்டன. மனதார மகிழ்ச்சி. ஆனால் பசுமைக் கட்டடம் என்றதும் மொட்டை மாடி சோலார் பேனலிலிருந்து பேச்சைத் தொடங்குகிறோமே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. வெயிலை உள்ளே விட்டுவிட்டு, அதை வெளியே தள்ள ஏ.சி. போட்டு, அந்த ஏ.சி.க்குச் சோலார் போடுவது ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவழிப்பது.

எங்கள் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது, பெயர் வேண்டாம். மேற்கே பார்த்த முழுக் கண்ணாடி முகப்பு. மதியம் 2 மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாமல் திரையை இழுத்து மூடுகிறார்கள், மூடினால் இருட்டு, அதனால் பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிகிறது. அந்த ஊழியர்களைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, வரைபடத்திலேயே தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில், சூரியன் தெற்கே அதிகம் சாய்ந்திருக்கும் நாளில்கூட, தெற்குச் சுவரில் 3 அடி நீட்டிய சன்ஷேடு 4 அடி உயர ஜன்னலுக்கு நண்பகலில் முழு நிழல் தந்துவிடும். கிழக்கும் மேற்கும்தான் தொல்லை, அங்கே சூரியன் தாழ்வாக, நேராக உள்ளே வருகிறது, சன்ஷேடு எவ்வளவு நீட்டினாலும் போதாது. அதனால் மேற்குப் பக்கம் மாடிப்படி, லிஃப்ட், கழிப்பறை, ஸ்டோர் ரூம் எல்லாவற்றையும் வைத்து, ஆட்கள் உட்காரும் இடத்தை வடக்கே கொண்டுபோகலாம். வேண்டுமானால் வெளியே துளைகள் விட்டுக் கட்டிய ஜாலிச் சுவரோ நெட்டுக்குத்தான தடுப்போ வைக்கலாம், மரம் வைத்தால் இன்னும் நல்லது. இவற்றில் எதற்கும் மின்சாரம் வேண்டாம், வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தமும் பெரிதாக வேண்டாம். வெயில் நாட்டு வீடுகளில் தாழ்வாரமும் முற்றமும் வைத்துக் கட்டியவர்கள் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள்.

பெரிய அளவிலும் இது செய்து காட்டப்பட்டதுதான். டெல்லியில் 2014-இல் திறந்த இந்திரா பர்யாவரண் பவன், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கட்டடம். அதன் கூரையிலுள்ள 930 கிலோவாட் சோலாரைத்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் வருடத் தேவை முழுவதையும் அந்த சோலாரே கொடுக்க வேண்டும் என்று திட்டமிட முடிந்ததற்குக் காரணம், நடுவில் முற்றம் விட்டு, பகல் வெளிச்சத்தை உள்ளே இழுத்து, முதலில் தேவையைக் குறைத்ததுதான்.

ஏ.சி.யே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய நூல்களையும் சுவடிகளையும் சென்னையின் ஈரக்காற்றில் திறந்துபோட முடியாது. புத்தகக் காப்பறைக்கு ஏ.சி. கொடுங்கள். வாசிப்பு அறையில் சீலிங் ஃபேனும் ஓடினால் ஏ.சி.யை 26-இல் வைத்தாலும் உட்கார்ந்து படிக்கலாம்.

தண்ணீர் விஷயம் இதைவிட எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் பெய்கிறது, அப்படியென்றால் 1000 சதுர மீட்டர் கூரை மேல் 14 லட்சம் லிட்டர் விழுகிறது. 2019-இல் ஏரிகள் வறண்டு குடத்தோடு நின்ற ஊர் இது. எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலமும் நாம்தான், ஆனால் பருவமழைக்கு முன் குழாயில் அடைத்த சருகை எடுத்து, ஃபில்டரில் மணல் மாற்றுவது யார் பொறுப்பு என்று பல அரசுக் கட்டடங்களில் கேட்டால் பதில் கிடைப்பதில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரையும் குழாய் போட்டுத் தொட்டியில் பிடித்தால் செடிகளுக்காவது ஆகும்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் திறந்தது, 9 தளம், பசுமைக் கட்டடங்களுக்குக் கொடுக்கும் லீட் (LEED) தங்கத் தரச்சான்று பெற்றது, இன்றும் எனக்குப் பிடித்த கட்டடம். அதன் பராமரிப்பு சரியில்லை என்ற வழக்கு பின்னாளில் உயர் நீதிமன்றம் வரை போனது. சான்றிதழ் பெரும்பாலும் வரைபடத்தையும் கட்டுமானத்தையும் பார்த்துக் கொடுப்பது. பத்து வருடம் கழித்து அந்தக் கட்டடம் எவ்வளவு யூனிட் இழுக்கிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பது அதில் இருக்காது.

அதனால் ஒன்று கேட்கிறேன். புதிதாகக் கட்டுகிற ஒவ்வொரு பொதுக் கட்டடத்தின் வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். போன மாத மின்சார யூனிட், சோலார் கொடுத்த யூனிட், லாரித் தண்ணீர் எத்தனை லோடு, மழைநீர்க் குழாயைக் கடைசியாகச் சுத்தம் செய்த தேதி, இவ்வளவு போதும். நாங்கள் படித்துப் பார்த்துக்கொள்கிறோம், கூடினால் வந்து கேட்கிறோம். அந்தப் பலகைக்கும் முதல் ஐந்து வருடப் பராமரிப்புக்கும் ஆகும் தொகையை, திறப்பு விழா முடிந்த பிறகு தேடாமல், அடுத்த எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கட்டடங்களில் உட்கார்ந்து படிக்கும் ஒரு வாசகன்