டோர் பேடுக்குத் தோல் போடும் முன்

அன்புள்ள கண்ணுக்கு,

மாருதி 800 காரின் நாலு டோர் பேடுக்கும், அதாவது கதவின் உள்பக்கத்தை மூடும் பலகைகளுக்கு, நீயே தோல் போடப் போகிறேன் என்று போனில் சொன்னாய். தாராளமாகச் செய். வீட்டுத் திண்ணையில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் தோல் ஒட்டுவது இதில் கடைசி வேலை. கதவுக்குள் இறங்கும் தண்ணீரையும், தோலுக்கு அடியில் இருக்கும் பலகையையும் முதலில் சரிசெய்துவிடு. இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் ஒரு மழைக்காலத்திலேயே கீழ் ஓரம் உப்பிக்கொள்ளும்.

முதலில் கழற்றுவது. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, அதைச் சுழற்றும் ஹேண்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள். ஹேண்டிலுக்குப் பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு கம்பி கிளிப் இருக்கும். பழைய பருத்தித் துணியை நீளமாகக் கிழித்து, ஹேண்டிலுக்கும் பேடுக்கும் நடுவில் விட்டு, இரண்டு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழு. கிளிப் துள்ளி விழும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள். கைதாங்கி ஸ்குரூவில் இருக்கும். பேடை விளிம்பைப் பிடித்து இழுக்காதே. பெயிண்டர்கள் வைத்திருக்கும் அகலமான பட்டி பிளேடில் துணி சுற்றி, பேடைக் கதவோடு பிடித்திருக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் கிளிப்புக்கும் ஒட்டிய இடத்தில் செருகி நெம்பு. கிளிப்பிலிருந்து தள்ளி நெம்பினால் பேடின் ஹார்டுபோர்டுப் பலகை பிய்ந்து ஓட்டை பெரிதாகிவிடும், பிறகு கிளிப் நிற்காது. பழைய பிளாஸ்டிக் கிளிப் சில எப்படியும் உடையும் என்பதால் புதிதாக ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்.

பேடுக்குப் பின்னால் ஒரு பாலிதீன் ஷீட் ஒட்டியிருக்கும். பலர் அதைக் குப்பை என்று கிழித்து எறிந்துவிடுகிறார்கள். கண்ணாடி ரப்பர் எல்லாத் தண்ணீரையும் தடுக்காது. மழை நீர் கதவுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சிறு துளைகள் வழியாக வெளியே போக வேண்டும்; அப்படித்தான் கதவை அமைத்திருக்கிறார்கள். அந்த நீர் பலகையில் படாமல் காப்பது இந்த ஷீட்தான். கிழிந்திருந்தால் தடித்த பாலிதீனை அதே அளவில் வெட்டி, சுற்றிலும் பியூட்டில் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) வைத்து ஒட்டு. கீழ் ஓரத்தைக் கதவுத் தகட்டின் திறப்புக்குள் செருகிவிட்டால் ஷீட்டில் வழியும் நீர் கதவுக்குள்ளேயே விழும். அடித் துளைகளைக் கம்பியால் குத்தி மண் எடு. ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போ.

பலகை உப்பியிருந்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்ய நினைக்காதே. 3 மி.மீ. ஹார்டுபோர்டில் பழையதை அச்சாக வைத்துப் புதிதாக வெட்டு. பின்பக்கமும் விளிம்பும் இரண்டு கோட் வார்னிஷ் குடிக்கட்டும். கிளிப் ஓட்டைகளின் உள்விளிம்பையும் விடாதே, தண்ணீர் ஏறுவது அங்கேதான். பலகை நன்றாக இருந்தாலும் அதன்மேல் ஒட்டியிருக்கும் பழைய ரெக்சினை (செயற்கைத் தோலை) உரித்துவிடு. ரெக்சினை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் நாளடைவில் கசிந்து புதுப் பசையை இளக்கிவிடும். உரித்த ரெக்சினைத் தூக்கிப் போடாதே, ஓட்டைகளுக்கு அதுதான் அச்சு.

தோல் வாங்கச் சென்னைப் பெரியமேட்டுக்குப் போ. சோபா, கார் சீட்டுக்குப் போடும் தோல் என்று கேள். கனம் 1 முதல் 1.2 மி.மீ. போதும். ஷூவுக்கான தோல் விறைப்பாக இருக்கும், மூலையில் மடங்காது. ஆட்டுத் தோல் மெலிசு, அளவும் பற்றாது. மேலே நிறப் பூச்சு உள்ள தோலாக எடு. பூச்சில்லாத தோல் பார்க்க அழகுதான், ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார், சாயம் இறங்கினால் வேண்டாம். விலை சதுர அடிக்கு. பேடைச் சுற்றி 4 செ.மீ. கூட வைத்து அளந்து, நாலு கதவுக்கும் கூட்டி, அதன்மேல் கால் பங்கு சேர்த்து ஒரே லாட்டில் வாங்கு. தோலில் வடு, உண்ணி கடித்த தழும்பு, வயிற்றுப் பக்கத் தளர்வு எல்லாம் கழிந்து போகும். வயிற்றுப் பக்கத்தை எந்தப் பேடுக்கும் வைக்காதே, இன்று இழுத்து ஒட்டினாலும் பிறகு தொங்கிவிடும். முதுகுப் பக்கம் இழுபடாது. பேடின் நீளம் முதுகெலும்பு போகும் திசையில் அமையட்டும்.

தோலுக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுக்கு 3 மி.மீ. ஃபோம் போதும். கண்ணாடி ஹேண்டில் வரும் இடத்தைச் சுற்றி 3 செ.மீ. அளவுக்கு ஃபோமை வெட்டி எடுத்துவிடு. ஃபோமும் தோலும் சேர்ந்து கனம் கூடினால் ஹேண்டில் தண்டின் பள்ளம் வரை போகாது, கிளிப்பும் விழாது. இதைக் கடைசியில் கண்டுபிடித்தால் ஒட்டிய தோலை உரிக்க வேண்டிவரும். பேடின் மேல் விளிம்பிலும் அதே கவனம் வேண்டும். மடிக்கும் ஓரத்தைத் தோல் சீவும் கத்தியால் பாதிக் கனமாகச் சீவு, இல்லையேல் கண்ணாடியில் உரசும்.

நடுவில் தையல் கோடு வேண்டுமென்றால் ஒட்டுவதற்கு முன்பே தைத்துவிடு. தோலுக்கான ஊசி, பாலியெஸ்டர் நூல், தையல் நீளம் 4 மி.மீ. நெருக்கித் தைத்தால் தபால் தலை ஓரம் போல அந்த வரிசையிலேயே கிழியும். தோலில் ஊசி ஓட்டை மறையாது என்பதால் குண்டூசி குத்தாமல் கிளிப் போட்டுப் பிடி, கழிவுத் துண்டில் தைத்துப் பழகு.

பசைக்கு வெள்ளை ஃபெவிகால் வேண்டாம். அது தண்ணீர்ப் பசை. பலகையை நனைக்கும், வெயிலில் நிற்கும் காரில் இளகும். சிந்தெடிக் ரப்பர் பசை வாங்கு, டின்னில் வெப்பம் தாங்கும் என்று போட்டிருக்கிறதா பார். பலகையின் வழவழப்பான பக்கத்தை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் தூசு துடை. ஃபோமை ஒட்டி முடித்துவிட்டு, ஃபோமின் மேலும் தோலின் பின்பக்கமும் மெல்லிசாகப் பசை தடவு. விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும் வரை, சுமார் பத்துப் பதினைந்து நிமிடம், காத்திரு. ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே அடைபட்ட ஆவி வெயிலில் கொப்புளமாக எழும்பும். பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும் பசை என்பதால் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே போ. பள்ளமான இடம் இருந்தால் முதலில் அங்கே அழுத்து. மேட்டிலிருந்து மேட்டுக்கு இழுத்துக் கட்டிய தோல் பள்ளத்தில் தூக்கிக்கொள்ளும். ஹீட் கன் வேண்டாம். ரெக்சின் சூட்டில் இளகும், தோலோ சுருங்கிப் போகும். மடங்க மறுக்கும் இடத்தில், பசை போடும் முன்பே பின்பக்கம் ஈரத் துணியால் லேசாக ஒற்றி, கையால் வளைத்துப் பழக்கிக் காயவிடு. ஜன்னல்களைத் திறந்து வை, பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

பின்னால் மடிக்க இரண்டரை செ.மீ. விட்டு மிச்சத்தை நறுக்கு. வெளி மூலையில் சின்னச் சின்ன மடிப்பாக ஒதுக்கு, இடையில் வி வடிவில் வெட்டு. அந்த வெட்டு, பலகை விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளியே நிற்கட்டும், மிஞ்சினால் முன்னால் தெரியும். ஸ்டேப்ளர் அடிப்பதானால் 4 மி.மீ. பின் மட்டும், 6 மி.மீ. போட்டால் பலகையைத் துளைத்து முன்பக்கத் தோலில் எட்டிப் பார்க்கும். ஹேண்டில் ஓட்டைக்கு வட்டமாக வெட்டாதே. பெருக்கல் குறியாகக் கீறி நாலு நாக்கையும் பின்னால் மடித்து ஒட்டு.

ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டு. எல்லாக் கிளிப்பையும் அழுத்தும் முன் கண்ணாடியை ஏற்றி இறக்கு, உள் லாக்கை இழுத்துப் பார். முதலில் பின் கதவு ஒன்றைச் செய். கண்ணில் அதிகம் படாத பேடு அது. மூலை மடிப்பு முடிந்ததும் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன் கதவுத் தோலை வெட்டாதே.

அன்புடன்,
அப்பா