ரத்தம் எங்கும் தேங்கவில்லை, அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

கருத்தடை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ரத்தப்போக்கு வர விடுகிறேன் என்று தெரிந்ததும், "கெட்ட ரத்தம் உள்ளேயே தேங்கிடாதா?" என்று பதறினீர்கள். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம், அதனால் எழுதுகிறேன்.

தேங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை. கரு வந்தால் தங்கட்டும் என்று கருப்பையின் உள்படலம் மாதாமாதம் தடிக்கும். கரு தங்காவிட்டால் உதிர்ந்து வெளியேறும். நான் சாப்பிடும் கருத்தடை மாத்திரை அதைத் தடிக்கவே விடாது. அப்புறம் எது தேங்கும்?

வழக்கமான அட்டையில் 21 மாத்திரை, பிறகு ஏழு நாள் இடைவெளி. அந்த ஏழு நாளில் வருவது உண்மையான மாதவிடாய் இல்லை, ஹார்மோன் திடீரென்று நின்றதால் வரும் ரத்தப்போக்கு. 84 நாள் தொடர்ந்து சாப்பிட்டு ஏழு நாள் விடும் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2003-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. இடைவெளியே இல்லாத மாத்திரை 2007-ல் வந்தது. அந்த ஏழு நாள் இடைவெளியால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதலும் சொல்கிறது.

தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் சில மாதங்கள் சொல்லாமல் கொள்ளாமல் பழுப்பாகத் திட்டுத்திட்டாகப் படும். வெளிர் நிறச் சுடிதாரைத் தொடவே பயந்தேன். போகப்போகக் குறைந்தது.

என் தோழி ஒருத்தி நேர் எதிர். மாதாமாதம் வந்தால்தான் அவளுக்கு நிம்மதி. மாத்திரையில் இருக்கும்போது ரத்தம் வருவது கர்ப்பம் இல்லை என்பதற்கு உறுதியான அடையாளம் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். தெரியும், ஆனாலும் வரட்டும் என்கிறாள். சரி, அது அவள் விருப்பம்.

"உனக்குத்தான் வலியே கிடையாதே, பிறகு எதற்கு?" என்றும் கேட்டீர்கள். வலி இல்லைதான். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். உங்களுக்கு நின்றபோது "அப்பாடா" என்று சிரித்தீர்களே, அந்த அப்பாடாதான் எனக்கும்.

இன்னொன்று. உங்கள் சின்னவள் என் மாத்திரையின் பெயரைக் கேட்டாள், சொல்லவில்லை. ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன் கண்ணில் வெளிச்சக் கோடுகள் தெரிகின்றன என்கிறாள். அப்படிப்பட்டவர்களுக்கு என்னுடையதைப் போல ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை ஆகாது, பக்கவாத அபாயம் கூடும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகளும் உண்டு. முதலில் டாக்டரிடம் தலைவலியைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்